தின்று காட்டும் வேலை

சிறைச்சாலைக்குச் சோறு கொண்டுபோவதற்கு ஒரு முறை இருக்கிறது. முள், எலும்பு இருக்கக்கூடாது. குழம்பு தண்ணீராக ஓடக்கூடாது. வாழைப்பழம் கொண்டுபோகலாம், ஆனால் தோலில் கீறல் இருந்தால் திருப்பிவிடுவார்கள். பார்சலை வாசல் மேசையில் வைத்து நாமே அவிழ்க்க வேண்டும். காக்கி உடுப்புக்காரர் கரண்டியால் சோற்றைக் கிளறிப் பார்ப்பார். அதற்குப் பிறகு, கொண்டுவந்தவர் யாரோ அவரே ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து, காக்கிக்காரருக்கு முன்னால் நின்று தின்று காட்ட வேண்டும். கடைசியில் வாயைத் திறந்தும் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு எனக்கு ஏறவேயில்லை, ஒன்பதாம் வகுப்போடு நின்றும்விட்டேன். ஆனால் பத்து வயதில் பழகிய இந்த முறை மட்டும் இன்றுவரை அப்படியே மனப்பாடம்.

அப்பா நீர்வேலியிலிருந்து வாழைக்குலை ஏற்றும் லொறி ஓடினார். லொறி முதலாளியினுடையது. தம்புள்ளைக்குப் போய்த் திரும்பிய கையோடு, மற்ற றைவருக்குக் காய்ச்சல் என்று முதலாளி கேட்க, மறுக்கத் தெரியாமல் திரும்பவும் குலை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். கோப்பாய்ச் சந்திக்குக் கிட்ட, விடிகிற நேரம், சந்தைக்குக் கத்தரிக்காய் மூட்டையோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவரை லொறி அடித்துவிட்டது. அப்பா ஓடவில்லை. அந்த மனிதரைத் தானே தூக்கி, குலைகளுக்கு மேலே சாக்கு விரித்துக் கிடத்தி, பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, இரத்தம் காய்ந்த சேட்டோடு பொலிசுக்குப் போனார். நித்திரை தூங்கிவிட்டீரா என்று அங்கே கேட்டார்களாம். அப்பா ஓம் என்றாராம்.

அந்த ஓமை மாமா கடைசிவரை மன்னிக்கவில்லை. மாமா என்றால் அம்மாவின் அண்ணை. கோட்டுக் கதையெல்லாம் தெரிந்தவர் என்று எங்கள் பக்கம் பெயர். இரண்டு தரம் சாட்சி சொல்லப் போனவர். அதில் ஒரு தரம் வழக்கு எடுபடவில்லை.

"மாடு குறுக்கை வந்தது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா முடிஞ்சுது. இந்த ஊரிலை மாட்டுக்கோ பஞ்சம்?" என்று வீட்டு விறாந்தையில் நின்று கத்தினார். பிறகு குசினி அடுப்படிக்குள் போய் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டேன். பதினாலு நாள் மறியலில், சிறைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். பதினாலாம் நாள் கோட்டுக்குக் கொண்டுவருவார்கள். அடிபட்ட மனிதர் தப்பிவிட்டார் என்று டொக்டரின் கடிதம் வந்தால் பிணை கிடைக்கும். அந்த மனிதருக்கு ஏதும் ஆகிவிட்டால் பிணை என்ற கதையே இல்லை.

நான் பயந்த பிறவி. இப்போதும் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டிறங்கித் திரும்பி வருகிறவள். அன்று கதவுக்குப் பின்னால் கேட்டதை வைத்து எனக்கு வயிற்றுப்போக்கே வந்துவிட்டது.

அம்மா அழுது நான் பார்த்தது அந்த முதல் நாள் மட்டும்தான். அடுத்த நாள் விடிய எழும்பி அரிசி களைந்தாள். சோறு, பருப்பு, முருங்கையிலை வறை, ஒரு பிரட்டல் கறி. வாழையிலையை அடுப்பில் வாட்டி, சோற்றைக் கட்டி, மேலே பேப்பர் சுற்றி, நூல் போட்டு இறுக்கினாள். உள்ளேயே சாப்பாடு கொடுப்பார்கள்தானே, ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி ஏன் அலைகிறாய் என்று மாமா கேட்டார்.

"அங்கத்தைச் சோத்தை ரெண்டு நாள் திண்டா, தான் குற்றவாளியெண்டு அந்த மனிசன் நம்பிப்போடும் அண்ணை" என்றாள் அம்மா. "ஒரு நாளும் விடமாட்டன்."

நான்கு நாட்கள் அம்மாவே போய், அம்மாவே தின்று காட்டி, கொடுத்துவிட்டு வந்தாள். ஐந்தாம் நாள் கந்தசட்டி தொடங்கியது. அம்மா வருசா வருசம் ஆறு நாளும் சட்டி பிடிக்கிறவள். பகலில் பச்சைத் தண்ணீர், பின்னேரம் கோயிலால் வந்து பாலும் பழமும், அவ்வளவுதான். அந்த வருசம் விடுவாளா? ஆனால் விரதக்காரி தின்று காட்டுவது எப்படி என்ற யோசனை அம்மாவுக்கும் வரவில்லை, எல்லாம் தெரிந்த மாமாவுக்கும் வரவில்லை.

வாசல் மேசையில் இருந்தவர் பெரிய மீசைக்காரர். சிங்கள ஆள். எண்ணி எடுத்த மாதிரிக் கொஞ்சம் தமிழ் வைத்திருந்தார். அம்மா விரதம் என்று சொல்ல, "விரதம் நல்லம். சாப்பிடாட்டி உள்ளுக்குப் போறது இல்ல" என்று பார்சலைத் திருப்பித் தள்ளிவிட்டார். வரிசையில் நின்ற இன்னொரு பெண் தான் தின்று காட்டுகிறேன் என்று இரக்கப்பட்டு முன்னுக்கு வந்தாளாம். அவர் அதற்கும் சம்மதிக்கவில்லை. கொண்டுவந்த வீட்டு ஆள்தான் தின்ன வேண்டும்.

வேறு யாரும் என்றால் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு வாய் தின்றிருப்பார்கள், அல்லது பார்சலோடு வீட்டுக்கு வந்திருப்பார்கள். அம்மா பார்சலோடு பருத்தித்துறை பஸ் ஏறி நேரே என் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வகுப்பு வாசலில் அவளைக் கண்டதும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் குழறத் தொடங்கிவிட்டேன். ரீச்சரும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

"ஒண்டுமில்லை ரீச்சர். சோறு தின்ன ஒரு ஆள் வேணும். இவளை விடுங்கோ."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அந்தப் பெரும் பதவி எனக்கு வந்தது.

தின்று காட்டுவது ஏன் என்று நானே யோசித்துக் கண்டுபிடித்து, கண்டுபிடித்த பிறகு பயந்துபோனேன். அம்மா அப்பாவுக்கு நஞ்சு வைப்பாளோ என்று அவர்கள் பார்க்கிறார்கள். அப்படியென்றால் நஞ்சு இருந்தால் முதலில் சாகப்போவது நான். முதல் வாயை விழுங்கிவிட்டு, உயிர் இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். இருந்தது. வாயைத் திறந்து காட்டினேன். மீசைக்காரர் தலையாட்டினார்.

சோற்றைக் கொடுத்த பிறகு கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று சில நிமிடம் கதைக்க விடுவார்கள். அந்தப் பக்கம் அப்பா. முகம் மழிக்காமல், வேறு யாரோ போல் இருந்தார். என்னைக் கண்டதும் பள்ளிக்கூடம் இல்லையோ என்று கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி.

"அந்த மனிசனுக்கு எப்பிடி?"

"சுகமாம்" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அம்மாவின் பொய் தெரியும். பதின்மூன்று வருசப் பழக்கம். கீழே பார்த்தார். அம்மா ஆஸ்பத்திரிப் பக்கம் போகவேயில்லை. போனால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி, அதோடு அடிபட்டவரின் ஆட்கள் அடித்தாலும் அடிப்பினம் என்று மாமா சொல்லி வைத்திருந்தார்.

சட்டியின் இரண்டாம் நாள், நான் வாயைத் திறந்து காட்டி முடித்த பிறகு மீசைக்காரர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "உங்கட ஆள் இது சாப்பிடல்ல. பக்கத்து ஆளுக்குக் குடுக்கிறது. ஒவ்வொரு நாளும்."

அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டாள். விடியற்காலை எழும்பிச் சமைத்து, பஸ்ஸில் இடிபட்டுக் கொண்டுவந்த சோற்றை எல்லாம் யாரோ ஒரு களவெடுத்தவன் தின்றிருக்கிறான். அழப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து, "நட" என்றாள். பஸ் நிலையத்தைத் தாண்டி நடந்தோம். எங்கே போகிறோம் என்று ஆஸ்பத்திரி வாசலில்தான் எனக்கு விளங்கியது. அடிக்கப்போகிறார்கள் என்று மாமா சொன்னது நினைவுக்கு வந்து, அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வாட்டில் அந்த மனிதர் தலையில் கட்டோடு கண்மூடிக் கிடந்தார். ஒரு கால் மாவுக்கட்டில். மூக்கில் குழாய். பக்கத்து வாங்கில் அவருடைய மனைவி. நெடிய பெண், தோட்டத்து வெயிலில் கறுத்த முகம். மடியில் பாதி கடித்த பணிஸ் ஒன்று.

"ஆர் நீங்கள்?"

"லொறிக்காரற்றை மனிசி" என்றாள் அம்மா. சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

அந்தப் பெண் எழும்பவில்லை, கத்தவும் இல்லை. "உயிர் கிடக்கோ எண்டு பாக்க வந்தனியோ? கிடக்கு. போய்ச் சொல்லு, கேஸ் இன்னும் பெருக்கேல்லை எண்டு."

இவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு நாளும் சாமியறையில் நின்று அந்த மனிதர் சாகக்கூடாது என்றுதான் கும்பிட்டோம். ஆனால் அவருக்காக இல்லை. அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

அம்மா கட்டிலைப் பார்த்தாள், மனிதரைப் பார்த்தாள், பணிஸைப் பார்த்தாள். திரும்பி வந்தோம். பஸ்ஸில் கோப்பாய் வரும்வரை வாய் திறக்காதவள், "அந்த மனிசி காலமை தொடக்கம் ஒரு பணிஸோடை இருக்கிறா, கண்டனியே?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் அம்மா இரண்டு பார்சல் கட்டினாள்.

மாமா வந்து நின்று குதித்தார். "உனக்கென்ன விசரோ? சோறு கொண்டுபோனா நாங்கள் ஒத்துக்கொண்ட மாதிரி எல்லோ?"

"அவரே ஒத்துக்கொண்டிட்டார். நாங்கள் ஒத்துக்கொள்ளாமல் விட்டு என்ன செய்யிறது?" என்று சொல்லிக்கொண்டே நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பா அதே கேள்வியைக் கேட்டார். அன்று அம்மா உண்மையைச் சொன்னாள். "உயிர் இருக்கு. கண் முழிக்கேல்லை. மனிசி பக்கத்திலை இருக்கிறா. என்னை ஏசிக் கலைச்சுப்போட்டா. இண்டைக்கும் போகப்போறன்." அப்பா இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை அதில் முட்டிக்கொண்டு நின்றார். நெற்றியில் வலையின் தடம் சதுரம் சதுரமாகப் பதிந்திருந்தது. "நீங்கள் சாப்பிடாட்டி நான் அங்கை போகமாட்டன். அங்கத்தைச் செய்தியும் வராது" என்றாள் அம்மா. கெஞ்சுகிற குரல் இல்லை. கடைக்காரனிடம் விலை பேசுகிற குரல்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் பார்சலைத் தொடவில்லை. அம்மா சின்ன அலுமாரிமேல் வைத்ததை ஒரு விரலால் ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள். நாங்கள் படியிறங்கும்போது அது அடுத்த கட்டில்காரரின் மடியில் இருந்ததை நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் அவளுடைய சோற்றை யாரோ தின்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

அதற்கடுத்த நாள்தான் நான் சொல்ல வந்தது. சட்டியின் நான்காம் நாள். அம்மாவுக்கு நான்கு நாள் பட்டினி, இரண்டு வீட்டுக் கவலை, இரண்டு பார்சல். விரதக்காரி கறியை வாயில் வைத்து உப்புப் பார்க்கக்கூடாது, கையளவில்தான் போட வேண்டும். அந்தக் கை அன்று வாழைக்காய்ப் பிரட்டலுக்கு உப்பை ஒருமுறை போட்டது. பிறகு, போட்டதை மறந்து இன்னொருமுறை போட்டது.

அது தெரிய வந்தது வாசல் மேசையில், என் நாக்குக்கு. முதலில் சோறு, பிறகு பருப்பு, பிறகு பிரட்டல். வாய்க்குள் போனதும் கடல் தண்ணீர் குடித்த மாதிரி நாக்கு சுருண்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. மீசைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகம் சுளித்தால் இதற்குள் ஏதோ இருக்கிறது என்று பார்சலைத் திருப்பிவிடுவார். திருப்பினால் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பச் சமைத்துக்கொண்டு வருவாள், எனக்கு அம்மாவைத் தெரியும். அதற்குள் அவள் எங்காவது மயங்கி விழுவாள், பஸ் அவளுக்கு மேலே ஏறும், அந்த பஸ்காரரும் உள்ளே போவார், அவருடைய பிள்ளை சோறு கொண்டுவரும். இவ்வளவையும் ஒரு வாய் சோற்றுக்குள் யோசித்துவிட்டேன். கண் சிமிட்டாமல் மென்று, விழுங்கி, வாயைத் திறந்து காட்டினேன்.

"நல்லமா?" என்று கேட்டார்.

"நல்லம்" என்றேன்.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரியிலும் அதே கறிதான் என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது.

அம்மா பார்சலை அலுமாரிமேல் வைத்தாள். அந்தப் பெண் அன்று அதைத் தள்ளி வைக்கவில்லை. எங்களைப் பார்க்காமல், பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "ஆருக்குத் தெரியும் உதுக்கை என்ன கிடக்கெண்டு. ஒருதரை றோட்டிலை, மற்றவளைச் சோத்திலை."

அம்மா ஒரு எட்டுப் பின்னுக்குப் போனாள். எனக்கு அந்தப் பேச்சின் நஞ்சு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது ஒன்றுதான்: இங்கேயும் தின்று காட்ட வேண்டும். நேற்று நாங்கள் முறைப்படி செய்யவில்லை, அதனால்தான் இவ தொடவில்லை. ஓடிப்போய்ப் பார்சலை எடுத்து, வாங்கில் வைத்து, நூலை அவிழ்த்தேன். சோற்றில் ஒரு வாய். பருப்பில் ஒரு வாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரட்டலில் ஒரு வாய். மென்று, விழுங்கி, அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்று, நாக்கு வெளியே வர வாயை ஆவென்று திறந்து காட்டினேன்.

வாட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"உதென்னடி? ஆர் உனக்கு உப்பிடிப் பழக்கினது?"

"ஜெயில் மாமா."

"உன்ரை கொப்பருக்கும் நீதான் திண்டு காட்டுறனியோ?"

"ஓம். அம்மா விரதம்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு, என் கண்ணில் நிற்கும் தண்ணீரைக் கண்டோ என்னவோ, "உப்புக் காணுமோ?" என்று கேட்டாள்.

"காணும், போதும்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய உண்மை அது.

அவள் கையை நீட்டி, பிரட்டலில் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். "ஐயோ! கடல்தண்ணியை அள்ளி ஊத்தியிருக்கிறாய்!" என்று துள்ளி எழும்பினாள். அம்மா பதறி, "என்ன, என்ன" என்று கேட்க, நான் அழத் தொடங்க, தாதி வந்து வாட்டில் சத்தம் போடவேண்டாம் என்று எங்களை ஏச, ஒரே அமளி. அமளி அடங்கியதும் அந்தப் பெண் அம்மாவை மேலும் கீழுமாகப் பார்த்தாள். காய்ந்த உதட்டைப் பார்த்தாள்.

"சட்டியோ பிடிக்கிறீர்?"

"ஓம் அக்கா."

"ஆறு நாளுமோ?"

"ஓம்."

"நானும் பிடிக்கிறனான். பதினெட்டு வருசமா விட்டதில்லை." கட்டிலில் கிடந்தவரின் போர்வையை இழுத்து நேராக்கினாள். "இந்த வருசம்தான் ஏலாமல் போச்சு. இதுக்கை கிடந்துகொண்டு கோயிலோ குளமோ?"

"உங்கடை அவருக்கும் சேர்த்துத்தான் பிடிக்கிறன்" என்றாள் அம்மா.

அது உண்மையா, அந்த நிமிடத்தில் வாயில் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் பயம். ஆனால் அந்தப் பெண் இரண்டு பேரையும் பார்க்காமல், இலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பிரட்டலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சோற்றையும் பருப்பையும் தின்றாள். நடுவில், "தண்ணி எடுத்தா மோனை" என்று என்னிடம் போத்தலை நீட்டினாள். தின்று முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்கு உப்பை இவளிட்டைக் குடுத்துப் பாத்துப்போட்டு இறக்கும், தங்கச்சி" என்றாள்.

அடுத்த நாள் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பா, முதலில் அந்த மனிதரைப் பற்றிக் கேட்டார். பிறகு வழக்கமில்லாமல் இன்னொன்று சொன்னார்: "நேற்று உப்புக் கூடிப்போச்சு."

அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று கொஞ்சம் பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது. உப்புக் கூடிப்போச்சு என்றால் தின்றிருக்கிறார். யாருக்கும் கொடுக்காமல் அந்தப் பிரட்டலையும் தானே தின்றிருக்கிறார். அதை வேறு யாரும் வாங்கியிருக்கவும் மாட்டார்கள் என்று மாமா பிறகு சொன்னார்.

அதன்பிறகு எனக்கு வீட்டில் ஒரு வாய், சிறைச்சாலையில் ஒரு வாய், ஆஸ்பத்திரியில் ஒரு வாய். அந்தப் பெண் வேண்டாம் என்றுதான் சொல்வாள். இருந்தாலும் முறை முறைதானே? அப்பா மெலிந்தார், அம்மா மெலிந்தாள், எங்கள் துன்பத்தில் நான் மட்டும் கொழுத்தேன்.

சூரன்போர் முடிந்து, பாறணை முடிந்து, அதற்கடுத்த நாள் அந்த மனிதர் கண் விழித்தார். முதலில் கேட்டது தன் சைக்கிளையாம். டொக்டர்கள் மருந்து என்றார்கள். அம்மா முருகன் என்றாள். அவருடைய மனைவி, "பிடிவாதம், வேறொண்டுமில்லை" என்றாள்.

பதினாலாம் நாள் கோட்டில் நாங்கள் பின் வாங்கில் இருந்தோம். நான் அம்மாவின் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்றால், அவளுடைய காப்பு நெளிந்துவிட்டது. டொக்டரின் கடிதத்தை வாசித்தார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை. பிணை கொடுக்க யாருக்கும் ஆட்சேபனை உண்டா என்று கேட்டபோது, முன் வாங்கில் அந்தப் பெண் எழும்பி நின்றதைக் கண்டேன். அவ வந்ததே எங்களுக்குத் தெரியாது. அவ இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இருந்துவிட்டா.

வெளியே அம்மா ஓடிப்போய் அவவின் கையைப் பிடித்தாள். "உமக்காக இல்லை தங்கச்சி" என்றாள் அந்தப் பெண், கையை எடுக்காமலே. "உள்ளுக்கை கிடந்து உம்மடை மனிசன் என்ன செய்யப்போறார்? இந்த வருசம் மழையும் பிந்திப்போச்சு, என்ரை தோட்டம் அங்கை தண்ணியில்லாமல் வாடிக்கொண்டு நிக்குது. இந்த மனிசன் கால் ஊண்ட மூண்டு மாதம் செல்லுமாம்." சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மாமா வழி நெடுகச் சந்தோசமாக வந்தார். "சோறு குடுத்து ஆளைக் கவிழ்த்தம், பாத்தீரே மச்சான்!" என்று அப்பாவின் முதுகில் தட்டினார். அந்த யோசனை தன்னுடையது என்றே அவர் நம்பத் தொடங்கியிருந்தார். அப்பா வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் வெகுநேரம் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்று நான் அப்பாவின் பக்கத்திலேயே படுத்து, அவருடைய சாரத்தின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நித்திரை கொண்டேன்.

அடுத்த நாள் காலை, அம்மா மறுபடி விடிய எழும்பி அரிசி களைந்தாள். என்னிடம் உப்புப் பார்க்கத் தந்தாள். வாழையிலையை வாட்டினாள். ஒரு பார்சல் கட்டினாள்.

தேத்தண்ணிக்கு வந்த மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். "இனி ஏன்? பிணைதான் கிடைச்சிட்டுதே!"

அம்மா முற்றத்தில் நின்ற அப்பாவின் கையில் பார்சலை வைத்தாள். "இதை ஆஸ்பத்திரியிலை குடுத்துப்போட்டு, அப்பிடியே அவையின்ரை தோட்டத்துக்குப் போய்த் தண்ணி இறையுங்கோ. கோப்பாயிலை இறங்கி ஆரைக் கேட்டாலும் காட்டுவினம்."

அப்பா பார்சலைப் பார்த்தார். "நான் எப்பிடி அந்த முகத்திலை முழிக்கிறது?" என்றார். பதினாலு நாள் கம்பிக்குப் பின்னால் கேட்காத குரல் அது. சின்னப் பிள்ளையின் குரல்.

"நான் முழிச்சனான்" என்றாள் அம்மா.

அவரைத் தோளில் தொட்டு, மெதுவாகப் படலைக்கு வெளியே விட்டு, தகரப் படலையைச் சாத்தி, உள்ளே நின்று கொண்டியைப் போட்டாள். வெளியே அப்பாவின் காலடிச் சத்தம் கேட்கவில்லை. படலைக்குக் கீழால் பார்த்தேன். அவருடைய செருப்பு இரண்டும் அதே இடத்தில் எங்களைப் பார்த்தபடி நின்றன.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து அழுதேன். நேற்றுத்தான் வந்தவரை இப்படித் துரத்துகிறாயே, திறந்துவிடு என்று கத்தினேன். அம்மா அசையவில்லை. இரண்டு கையாலும் கொண்டியைப் பிடித்துக்கொண்டு, நெற்றி தகரத்தில் முட்ட நின்றாள். தகரம் நடுங்கிக் கிடுகிடுவென்று சத்தம் போட்டது. வெகுநேரத்துக்குப் பிறகு வெளியே செருப்புகள் திரும்பி, றோட்டுப் பக்கம் போயின.

அன்று பின்னேரம்வரை நான் அம்மாவோடு கதைக்கவில்லை. அப்பா உள்ளே வந்துவிடாமல் இருக்கத்தான் அவள் அந்தக் கொண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று நினைத்தேன். தன் கை அதைத் திறந்துவிடாமல் இருக்கப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.